நாலு மணி பஸ்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாச்சு. பேரன் பிறந்த சேதி படித்துச் சந்தோஷம். இங்கே மழை இல்லை, என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அது கிடக்கட்டும்.

போன மாதம் சின்னவள் கல்விக் கடன் படிவத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. "ஊர்ல எல்லாரும் வாங்குறதுதானேம்மா" என்கிறாள். 1984ல் எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸில் வாங்கிய முன்பணம் 200 ரூபாய். அதைக் கழிக்கத்தான் ஒன்பது வயதில் என்னை பஸ் ஏற்றினார்கள். விடிகாலை நாலு மணிக்கு ஏஜெண்ட் கதவைத் தட்டுவான், ஞாபகம் இருக்கா? சாத்தூர் வரும்வரை நீ என் தோளில் தூங்கி விழுவாய். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் எம்.ஜி.ஆர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு போட ஆரம்பித்திருந்தார். அந்தச் சோறு வேகும் நேரத்தில் நாம் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தோம்.

1986ல் சட்டம் வந்தது. தீப்பெட்டி வேலையில் பிள்ளைகளை வைக்கக் கூடாது, ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்தால் தடையில்லை என்றார்கள். அப்புறமென்ன, பெட்டி ஒட்டுகிற வேலை நம் திண்ணைக்கே வந்துவிட்டது! 1996ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நஷ்ட ஈடு முதலாளி கட்ட வேண்டும் என்றபோது எனக்கு 21 வயது, இடுப்பில் பெரியவள். "நம்ம ரேட்டு ஏறிப்போச்சுடி" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை என்பதைத்தான் இத்தனை வருஷமும் சுதந்திரம் என்று நினைத்திருந்தேன். நகையை அடகு வைத்ததில்லை, சீட்டுக்கூடப் போட்டதில்லை. அந்த வைராக்கியத்துக்காக இவள் படிப்பை நிறுத்தினால், அப்பா செய்ததையே நானும் வேறு மாதிரி செய்கிறேனோ என்று தோன்றியது.

பேங்குக்குப் போனேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதுமாம். "கட்ட முடியலைன்னா பிள்ளையை வந்து கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். சரி, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போதும் மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. இவள் ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை தூங்குகிறாள். அவர் கத்துகிறார். நான் எழுப்புவதில்லை.

பொங்கலுக்கு வா. பேரனைக் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
மாரி