5,000 பேருக்கு ஒரு செவிலியர் என்னும் பழைய கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவக் கல்லூரிகள் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டதை நானும் மகிழ்ந்து வரவேற்றவள்தான். ஆனால், சுகாதாரத் துறைக்கு எத்தனை பேர் தேவை என்ற பேச்சு எம்.பி.பி.எஸ். இடங்களோடு நின்றுவிடுவது, முப்பதாண்டுகள் கிராமங்களில் நடந்து பழகிய எனக்குக் குறையாகவே படுகிறது.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது நான் பணியில் சேர்ந்தபோதே இருந்த கணக்கு. வேலை மட்டும் அப்படியே இல்லை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை; புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசிப் பெட்டியை வாங்கிவந்து, ஊசி போட்டு, மீந்ததை மாலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும். மற்ற நாள்களில் வீடு பார்ப்பது, மகப்பேறு நிதியுதவிக்கான பதிவு, இவற்றோடு ஒவ்வொரு கர்ப்பிணியையும் 'பிக்மி' என்னும் அரசின் கர்ப்பிணிகள் பதிவு இணையதளத்தில் ஏற்றுவது. பிறப்புச் சான்றிதழுக்கே அந்தப் பதிவில் கிடைக்கும் 12 இலக்க எண்ணைக் கேட்பதால் அதைத் தள்ளிப்போடவும் முடியாது.

என் பகுதியில் ஒரு செவிலியர், பக்கத்து நிலையம் காலியாக இருந்ததால், கூடுதல் பொறுப்பாக அதையும் சுமந்தார். இரண்டு நிலையங்களின் பதிவேடுகளும் ஒரே மஞ்சள் பையில் இருக்கும். பகலில் சிக்னல் கிடைக்காமல், பிள்ளைகள் உறங்கிய பிறகு இரவு பத்து மணிக்குமேல் பதிவேற்றுவார். அறிக்கையிலோ அந்த இடம் 'பொறுப்பில் உள்ளது' என்றே போகும். ஆள் இல்லாத இடம் மேலே யார் கண்ணிலும் படாமல் போவது இப்படித்தான்.

ஒவ்வொரு பணிக்கும் பிடிக்கும் நேரத்தையும், ஓர் ஊழியர் விடுப்பும் பயிற்சியும் போக ஆண்டில் உண்மையில் வேலை செய்யக்கூடிய நேரத்தையும் வைத்து ஆள்தேவையைக் கணக்கிடும் முறையை உலக சுகாதார நிறுவனம் எப்போதோ வகுத்துத் தந்திருக்கிறது. மருத்துவர்களைக் கிராமத்துக்கு வரவழைக்க, முதுநிலைப் படிப்பில் அரசுப் பணியில் இருப்போருக்கு இடம் ஒதுக்கி, அப்படி ஒதுக்கும் உரிமையை 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்யப் பெற்ற மாநிலத்துக்கு இந்தக் கணக்கு ஒன்றும் எட்டாததல்ல. சமவெளியில் ஒரு வட்டாரம், மலையில் ஒரு வட்டாரம் என்று எடுத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். அதற்கு முன்பாகவே, செலவில்லாமல், மாதாந்திர அறிக்கையில் 'கூடுதல் பொறுப்பு' இடங்களைக் காலியிடங்களாகவே காட்ட ஓர் உத்தரவு போட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.