சினை ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும்போது

அன்புக் கண்ணு,

உன் இருபது ஆடும் நீலகிரி இனம். நம் கோயமுத்தூர்க் குறும்பை ஆட்டோடு 19-ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு ஆடுகள் எல்லாம் கலந்து வந்தது. அதனால்தான் ரோமம் அவ்வளவு மெலிசு. குறும்பைக்குச் செய்கிற மாதிரி குளத்தில் இறக்கிக் கழுவிவிட்டுக் கத்தரிக்காதே. கீழ்நாட்டு வெயிலுக்கு அது சரி. ஊட்டிக் குளிரில் நனைந்த ஆடு லேசில் காயாது. ஈர ரோமத்தை மூட்டை கட்டினாலோ சூடேறி மஞ்சளாகிவிடும். முந்தின இரவு கொட்டகைக்குள் அடைத்துவை. பனி படாமல் இருந்தாலே போதும்.

கிடா சேர்த்த தேதியிலிருந்து 147 நாள் எண்ணினால் ஈனும் நாள் வரும். அதற்கு ஆறு வாரம் முன்னால் கத்தரி, நாலு வாரத்துக்குக் கீழே போகவே வேண்டாம். கடைசி நாட்களில் பிடித்துப் புரட்டினால் சினை கலையலாம். துள்ளுமாரி என்கிற குடல் நோய்க்கான தடுப்பூசியை அதே நாளில் போடாதே, ஒரே நாளில் இரண்டு வதை ஆகாது, ஒரு வாரம் தள்ளிப் போடு.

வயிறு நிறைந்திருந்தால் உட்கார வைத்ததும் மூச்சு முட்டும். அதற்காக ஒரு ராத்திரி தீவனம் நிறுத்தினால் போதும், 12 மணி நேரத்தைத் தாண்டாதே. இரட்டைக்குட்டி சுமக்கிற ஆடு அதற்கு மேல் பட்டினி கிடந்தால் தன் கொழுப்பையே கரைக்கும், அதில் உண்டாகிற கீட்டோன் ரத்தத்தில் ஏறி நோயாக்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் எந்த ஆடாவது தனியே ஒதுங்கி, தீனி தொடாமல், தள்ளாடி நின்றால் வெல்லத்தண்ணி கொடுத்துக்கொண்டு காத்திராதே. அன்றே டாக்டரைக் கூப்பிடு.

நாலு காலையும் கட்டிக் கிடத்துவது சினை ஆட்டுக்கு ஆகாது. பிட்டத்தில் உட்காரவைத்து, முதுகை உன் முழங்காலில் சாய்த்துக்கொள். முழங்கால் வயிற்றில் படக்கூடாது. முதலில் வயிற்று ரோமம். அதில் சாணியும் முள்ளும் இருக்கும், தனியே போடு. மடி பக்கம் வரும்போது இடது கையால் காம்பை மூடிக்கொண்டு வெட்டு. காம்பு அறுந்தால் அந்தப் பக்கத்துப் பால் போச்சு, குட்டிக்குச் சீம்பாலும் குறையும். கத்தரியால் ரோமத்தைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடவே எழும்பி அறுபடும். கையால் தோலை இழுத்து விறைப்பாக்கி, கத்தரியைத் தோலோடு படுக்கப் போடு. விட்ட இடத்தை மறுபடி கத்தரித்தால் துண்டு ரோமம்தான் விழும், விலை போகாது. பக்கம் மாற்ற மல்லாக்கப் புரட்டாதே, எழுப்பி நிறுத்தி மறுபடி உட்காரவை.

மிஷின் கேட்டாயே, இந்தக் குளிருக்கு வேண்டாம். அது தோல் தெரிய வழித்துவிடும். கைக்கத்தரி அரை விரல் கனத்துக்கு ரோமம் விட்டுவைக்கும், அந்த அளவு இருக்கட்டும். காயம் பட்டால் டிஞ்சர் தடவி, மேலே வேப்பெண்ணெய் விடு, ஈ மொய்த்துப் புழு வைக்காது.

கத்தரித்த பிறகு இரண்டு வாரம் குளிர் தாங்கத் தீனி கூட வேண்டும். அடர்தீவனம் 250 கிராம் கொடுத்தால் 350 ஆக்கு, நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் ஏற்றினால் வயிறு புளிக்கும். மழையோ காற்றோ வந்தால் மேய்ச்சலுக்கு விடாதே. ரோமம் குறைந்ததும் முதுகெலும்பைத் தடவிப் பார், எந்த ஆடு மெலிவு என்று அப்போதுதான் தெரியும். அதைத் தனியே பிரித்துத் தீனி வை.

ரோமத்தை யூரியா சாக்கில் திணிக்காதே. சாக்கின் நார் ஒட்டிக்கொண்டால் சாயம் ஏறாது என்று வாங்குகிறவர் தள்ளிவிடுவார். பழைய பருத்தி வேட்டியில் கட்டு.

அம்மா