இரும்புக் குழம்பைப் பார்க்கக் கற்றுத்தந்த மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

சென்ற மாதம் உங்கள் பட்டறையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்த நாளிலிருந்தே இதை எழுத வேண்டும் என்றிருந்தேன். நேரில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் வேலையில் குனிந்திருக்கும்போது யாரும் பக்கத்தில் நின்று நீளமாகப் பேசுவதை விரும்பமாட்டீர்கள். வீட்டில் தனியாக வெல்டிங் பழக முயன்று மனம் தளர்ந்திருக்கும் வேறு சிலருக்கும் உதவக்கூடும் என்பதால், இதை எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன்.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடியில் இரும்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. எங்கள் பின்வளவுப் படலையின் கீழ்ப் பிணைச்சலைக் கறள் தின்று அறுத்தபோது, அதை உங்களிடம் கொண்டுவராமல், சிறிய இன்வேட்டர் வெல்டிங் பிளான்ட் ஒன்றை வாங்கி நானே ஒட்டத் துணிந்தேன். உங்கள்மீது நம்பிக்கை இல்லாமல் அல்ல. கையால் ஒரு தொழிலைப் பழக வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால், இரும்பை உருக்கும் மின்சாரச் சுடரான மின்வில் எப்படி உண்டாகிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்க என்னால் முடியும். அந்த அறிவு தொடக்கத்திலாவது துணைநிற்கும் என்று நம்பினேன்.

கடையில் 12 கேஜ் என்று கேட்டு வாங்கிய 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சி, இரும்பைத் தொட்ட கணமே பற்றிக்கொண்டு நின்றது. முறுக்கி இழுத்தால் பூச்சு உதிர்ந்து வெறும் கம்பி மிஞ்சியது. இழுக்கத் தாமதித்தால் குச்சி முழுவதும் சிவக்கக் காய்ந்தது. பயத்தில் மின்னோட்டத்தை 55 அம்பியரில் வைத்திருந்ததுதான் முதற் காரணம். 85 இற்கு உயர்த்தியதும் குச்சி எரியத் தொடங்கியது. ஆனால் நான் பழக எடுத்திருந்த ஒரு அங்குலப் பொக்ஸ் பாரின், அதாவது உள்ளே வெறுமையான சதுரக் குழாயின், சுவர் 1.2 மில்லிமீற்றர் தடிப்பு மட்டுமே என்பதால், கண் இமைப்பதற்குள் அதில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போய் அதைப் பெருப்பித்தேன். குறைத்தால் ஒட்டுகிறது, கூட்டினால் துளைக்கிறது என்ற இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரங்கள் கழிந்தன. படலை கயிற்றில் கட்டியபடியே நின்றது. மெல்லிய பொக்ஸ் பார் பழகுபவனுக்கு உரியதல்ல, 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டை இரும்பில்தான் முதலில் கையைப் பழக்க வேண்டும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் பழகும் ஒவ்வொருவரும் முதலில் எடுப்பது வீட்டில் கிடக்கும் பொக்ஸ் பாரைத்தான் என்று நினைக்கிறேன். பலர் பிளான்டைத் துணிபோட்டு மூடி வைத்துவிடுவதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

குச்சியைப் பற்றி நான் நிறைய வாசித்தேன். என் குச்சியின் வகையைச் சொல்லும் 6013 என்ற எண்ணில் 60 என்பது ஒட்டிய உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 இறாத்தல் இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. அடுத்து வரும் 1 எல்லா நிலைகளிலும் ஒட்டலாம் என்பதையும், கடைசி இரண்டு இலக்கங்களும் சேர்ந்து பூச்சின் வகையையும் சொல்கின்றன. அந்தப் பூச்சின் முக்கியப் பொருள் ரூட்டைல், நம் மாகாணத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே கிடக்கும் கனிமம் என்று அறிந்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டானது. பூச்சுள்ள குச்சிக்கு சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் கெல்பெர்க் 1907 இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின், 1924 இல் திறக்கப்பட்ட நம் பழைய கல்லடிப் பாலத்தைக்கூட வெல்டிங் செய்யாமல் தறையாணி அடித்தே பொருத்தினார்கள். பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஆணித் தலைகளைப் பார்க்கிறேன். பூச்சு எரிந்து வாயுவாகிக் குழம்பைக் காற்றிலிருந்து காக்கிறது, கசடாகி மேலே மூடுகிறது, வில் அணையாமல் நிற்கவும் உதவுகிறது. ஆகவே பூச்சு கெட்டால் எல்லாமே கெடும். மாரி மழைக் காலத்தில் பெட்டியைத் திறந்தபடி குசினி மூலையில் வைத்திருந்த என் குச்சிகள் ஈரம் குடித்து, பொரிந்து தெறித்து, ஒட்டில் ஊசித்துளைகளை விட்டன. இப்போது அவற்றைத் தகரத்தில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் வாளியில் வைக்கிறேன். 6013 இற்கு இது போதுமானதாக இருக்கிறது. 7018 போன்ற குச்சியை 300 பாகைக்கு மேல் சுட்டுக் காயவைக்க வேண்டும் என்பதால் அதை நான் தொடவே இல்லை.

வயர் இன்னொரு தொல்லை. மண்டபத்து பிளக்கிலிருந்து பின்வளவுக்கு 25 மீற்றர் மெல்லிய வயரை இழுத்திருந்தேன். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பில் அவ்வளவு தூரம் 15 அம்பியர் போய்த் திரும்பினால் 13 வோல்ட் அளவு வழியிலேயே போய்விடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குப் பத்து நிமிடமும் தேவையில்லை; ஆனால் பின்னேரங்களில் வில் ஏன் அணைந்து அணைந்து போகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. சுருளாக விட்டிருந்த பகுதியைத் தற்செயலாகத் தொட்டபோது அது சுட்டது. அன்றே தடித்த வயருக்கு மாறினேன்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஒட்டு சரியாக வரவில்லை என்பதுதான் என்னை உடைத்தது. அதற்கு முன்னர் நடந்த ஒன்றை உங்களிடம் அன்று முழுமையாகச் சொல்லவில்லை. துண்டுகள் அசையாதபடி அங்கங்கே சிறு ஒட்டாகப் பொட்டு வைத்து நிறுத்தும்போது, ஒரு நொடிதானே என்று முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு சில பொட்டுகள் வைத்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கண்ணில் மணலைக் கொட்டி அரைத்ததுபோல் எழும்பி உட்கார்ந்தேன். வெளிச்சம் பட்டாலே கண்ணீர் வடிந்தது. புறஊதாக் கதிர் விழிவெண்படலத்தைச் சுட்ட புண் பல மணி நேரம் கழித்தே நோகத் தொடங்கும். தாய்ப்பால் விடச் சொன்னவர்கள் இருந்தார்கள். நான் வைத்தியரிடம் போனேன், இரண்டு நாளில் சுகமானது. ஆனால் பயம் போகவில்லை. தானாகக் கறுக்கும் என் முகக்கவசத்தின் திருகியை, இருப்பதில் மிகக் கறுப்பான 13 ஆம் இலக்கத்துக்குத் திருப்பிவிட்டு, அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

அந்த நிலையில்தான் உங்களிடம் வந்தேன். நான் கொண்டுவந்த துண்டுகளைப் பார்த்து நீங்கள் சிரிக்கவில்லை; அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒன்றைச் சுத்தியலால் தட்டி முறித்து, உள்ளே கறுப்பாகக் கிடந்த கசடைக் காட்டினீர்கள். பிறகு உங்கள் குச்சியை என் கையில் தந்து ஒட்டச் சொல்லிவிட்டு, இரும்பைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். “நெருப்பப் பாராத மகன், பின்னால வாற குழம்பப் பாரு” என்றீர்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை என்றேன். முகக்கவசத்தை வாங்கித் திருகியை 10 இற்குக் கொண்டுவந்தீர்கள். 80 அம்பியருக்கு அதுவே ஏற்றது என்று பின்னர் வாசித்தேன். அதன்பின் என் சட்டைப் பையில் செருகியிருந்த வாசிப்புக் கண்ணாடியைச் சுட்டி, அதைப் போட்டுக்கொண்டு கவசத்தை மாட்டச் சொன்னீர்கள்.

மாமா, அந்தக் கண்ணாடியின்றி ஒரு கடிதத்தைக்கூட வாசிக்க முடியாத நான், அரை முழ தூரத்தில் பயற்றம்விதை அளவு உருகும் ஒன்றை வெறுங்கண்ணால் பார்க்க முயன்றுகொண்டிருந்திருக்கிறேன். என் கை நடுங்குகிறது, எனக்கு இது வராது என்று முடிவுகட்டியிருந்தேன். கையில் குறை பெரிதாக இல்லை. நான் பார்த்ததெல்லாம் ஒளியை மட்டுமே. குச்சி எங்கே போகிறது என்பதை ஊகித்தே இழுத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியோடு முதன்முறையாக அந்தக் குழம்பைப் பார்த்த கணத்தை என்னால் மறக்க முடியவில்லை. முன்விளிம்பு மினுங்கி இரும்பைக் கரைத்துக்கொண்டு போக, கசடு மங்கலாகப் பின்னால் மிதந்து வருகிறது. குச்சியைச் சற்றுப் பின்பக்கமாகச் சாய்த்து, நுனிக்கும் இரும்புக்கும் இடையில் குச்சியின் தடிப்பளவே இடைவெளி விட்டால், கசடு முன்னால் ஓடிவந்து குழம்பை மூடுவதில்லை. இடைவெளி கூடினால் குழம்பு பரந்து தெறிக்கிறது, ஒலியும் அடைத்துப்போகிறது; சரியாக இருக்கும்போது எண்ணெயில் அச்சுமுறுக்கு வேகும் ஒலி ஒரே சீராக வருகிறது. எப்போது வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதைக் குழம்பின் அகலமே சொல்லிவிடுகிறது. நான் மனப்பாடம் செய்திருந்த இலக்கங்கள் எல்லாம் இதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயன்படத் தொடங்கின.

ஒரு விடயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். கல்வனைஸ் பைப் ஒட்டிய பிறகு ஒரு கோப்பை பால் குடித்தால் போதும் என்றீர்கள். அந்தப் பைப்பின் மேற்பூச்சான நாகம் (சிங்க்) என்ற உலோகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1500 வேண்டும். ஆகவே இரும்பு உருகும் முன்னரே அந்த வெள்ளைப் புகை நெஞ்சுக்குள் போய்விடுகிறது, இரவில் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. வயிற்றுக்குப் போகும் பால் நெஞ்சுக்குள் போன புகையை எடுக்காது. ஒட்டும் இடத்தில் பூச்சைக் கிறைண்டரால் உரசி எடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று ஒட்டுங்கள். உங்களிடம் வேலை பழகும் பையன்களுக்காகவும் இதைக் கேட்கிறேன்.

இனி என் வேண்டுகோள். பட்டை இரும்பைக் கிடையாக வைத்து ஒட்டுவது ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் படலைத் தூண் சீமெந்தில் நட்டு நிற்கிறது, பிணைச்சலை நிலைக்குத்தாகத்தான் ஒட்ட வேண்டும். கீழிருந்து மேலே போகும்போது குழம்பு தொங்கி வழிந்து திராட்சைக் குலைபோல் நிற்கிறது. 70 அம்பியருக்குக் குறைத்தும் பார்த்தேன், குச்சியை இரு கரைகளிலும் சற்று நிறுத்தி நடுவில் விரைந்து கடந்தும் பார்த்தேன், மூன்று அங்குலம் போவதற்குள் இரும்பு முழுவதும் சூடேறிக் கட்டுப்பாடு போய்விடுகிறது. இடையில் நிறுத்தி ஆறவிட வேண்டுமா, அல்லது நான் இன்னமும் பார்க்கத் தவறும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறதா? வரும் ஞாயிறு பின்னேரம் நீங்கள் பட்டறையைப் பூட்டும் நேரத்துக்குச் சற்று முன்னர் வருகிறேன். L வடிவ அங்கிள் இரும்புத் துண்டுகள் ஆறு வெட்டி வைத்திருக்கிறேன், குச்சியும் காய்ந்திருக்கிறது, கண்ணாடியும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன் உங்கள் மருமகன்,
கல்லடி, மட்டக்களப்பு