செயலாளரின் ஆண்டறிக்கை 2024: டாக்டர் ஐயாவின் நோட்டுப் புத்தகம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு நடவடிக்கை அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். பொங்கல் விழா வழக்கம்போல் கோயில் திடலில் நடந்தது. தைப்பூசத்துக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டோம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பரிசுக் கிண்ணங்கள் கொடுத்தோம். தீபாவளிக்கு முன்பு 20 குடும்பங்களுக்கு மளிகைப் பொருள்கள் போய்ச் சேர்ந்தன. செயலவைக் கூட்டத்துக்கு ஐந்து முறை அழைப்பு அனுப்பினேன். இரண்டு முறை போதிய ஆள் வராமல் கலைந்து போனோம்.

இந்த ஆண்டு நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு, சங்கத்தின் மதியுரைஞராக இருந்த பல் டாக்டர் ஐயாவின் மறைவு. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். இளைய உறுப்பினர் பலருக்கு அவரை நம் மண்டபச் சுவரில் மாட்டியிருக்கும் படமாகத்தான் தெரியும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் எடுக்க மரம் வெட்டியவரின் மகன் அவர். அவர் படிக்கப் போன காலத்தில் நம் நாட்டில் பல் மருத்துவம் கற்பிக்கும் இடமே கிடையாது. சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டும். அங்கே 1929-லிருந்தே அந்தப் படிப்பு இருந்தது. அவரை ரயிலேற்றிவிட லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் பேர் ஸ்டேஷனுக்கு வந்தார்கள் என்று என் அப்பா சொல்வார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பிரிவு 1972-இல் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து, வாய், தாடை அறுவைச் சிகிச்சையில் நிபுணராகி, பேராசிரியராக ஓய்வு பெற்றார்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் பல்வலி என்றால் டிரெசர் எனப்படும் தோட்ட மருத்துவ உதவியாளரின் குறடுதான். பள்ளிப் பிள்ளைகளுக்காவது பல் மிஸ்ஸி வருவார். பினாங்கில் 1949-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த தாதியர் அவர்கள். "பிள்ளைகளுக்குப் பார்க்க ஆள் இருக்கிறது, நம் பாட்டிகளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று டாக்டர் ஐயா கேட்பார். விடியுமுன் மரம் வெட்டப் போகும் பெண்கள் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். சிலர் தூங்கும்போதும் துப்புவதில்லை. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம். அதைத் தேடித்தான் ஆண்டுதோறும் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு நம் மண்டபத்துக்கு வந்தார்.

அவர் வாய் பார்க்கும் விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாட்டியைச் சன்னல் வெளிச்சம் படும்படி உட்கார வைப்பார். வாய் கொப்பளிக்கச் சொல்லிக் கறை போகும்வரை பொறுத்திருப்பார். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், ஈறு, அண்ணம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடிப்பகுதி என்று ஓர் இடம் விடாமல் பார்ப்பார். நாக்கு வழுக்காமல் இருக்கத் துணியால் பிடித்துக்கொள்வார். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். சிவப்புத் திட்டு என்றால் இன்னும் கவலைப்படுவார். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணுக்கு உடனே ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம். மிளகாய் பட்டால் எரிகிறது என்று யாராவது சொன்னால், மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொல்வார். நுழையவில்லை என்றால் பாக்கு உள்சதையை இறுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இத்தனையும் முடிந்த பிறகுதான் பல்லையே பார்ப்பார்.

வெற்றிலையோடு புகையிலை சேர்த்தால் புற்றுநோய் வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இல் அறிவித்தது. அதிலிருந்து நம் பாட்டிகள், "நான் புகையிலை போடுறதில்ல டாக்டர்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்கள். புகையிலை இல்லாவிட்டாலும், வெறும் பாக்கே கூட ஆபத்து என்று அதே அமைப்பு 2004-இல் வெளியிட்டபோது, அந்தச் செய்தியைத் தமிழில் தம் கைப்பட எழுதி நம் அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

இப்போது என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஐயா கடிதம் கொடுத்தவர்களில் என் அத்தையும் ஒருவர். ஈப்போவுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று தள்ளிப் போட்டார். அழைத்துப் போகிறேன் என்று சொன்னவன் நான்தான். அப்போது எனக்கு 23 வயது. இன்றைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். அத்தை இறந்த பிறகு அவருடைய வெற்றிலை டப்பாவைத் திறந்தோம். பாக்குவெட்டிக்கு அடியில் அந்தக் கடிதம் நான்காக மடித்தபடி இருந்தது. ஓரத்தில் சுண்ணாம்புக் கறை.

அடுத்த ஆண்டு டாக்டர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கடையிலிருந்து 80 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வரச் சொல்லி, கடிதம் வாங்கியவர் பெயர், போன தேதி, கூட்டிப்போனவர் பெயர் என்று மூன்று கோடு கிழித்து என்னிடமே கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் காரைவிட்டு இறங்கியதும், தண்ணீர்கூடக் குடிக்காமல் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்.

அவருக்காக நடத்திய இரங்கல் கூட்டத்துக்கு 60 நாற்காலி போட்டிருந்தோம். வந்த உறுப்பினர்கள் 14 பேர். கோலாலம்பூரிலிருந்து அவருடைய பழைய மாணவர்கள் மூன்று பேர் காரோட்டி வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு மலாய் டாக்டர், "பாட்டி, வாயத் தொறங்க, நாக்க நீட்டுங்க" என்று அவர் சொல்லிக் கொடுத்த தமிழை அப்படியே சொல்லிக் காட்டிவிட்டு அழுதார். உள்ளூரில் இருந்துகொண்டு வராதவர்களை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

செப்டம்பரில் அவர் நினைவாக வாய்ப் பரிசோதனை முகாமை நாமே நடத்தினோம். அதே மூன்று டாக்டர்களும் காசு வாங்காமல் வந்து பார்த்தார்கள். 63 பேர் வந்தார்கள், 7 பேருக்குக் கடிதம். பந்தல், சாப்பாடு, தாமான் குடியிருப்புகளுக்கும் பழைய லயங்களுக்கும் போய் ஆள் ஏற்றிவர வேன் ஆகியவற்றுக்குக் கட்டட நிதியிலிருந்து பணம் எடுத்தோம். செயலவையைக் கேட்காமல் எடுத்ததாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சிலர் எழுதினார்கள். கேட்பதற்காகக் கூட்டிய கூட்டம்தான் ஆளில்லாமல் கலைந்தது. தலைவரும் பொருளாளரும் நானும் கையெழுத்திட்டுத்தான் எடுத்தோம், ரசீதுகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாக நிற்கின்றன. கட்டட நிதியில் எடுத்ததை மட்டும் இன்னும் திருப்பி வைக்கவில்லை. பதிவேட்டில் 118 உறுப்பினர்கள் இருக்கிறோம். ஆண்டுச் சந்தா 24 வெள்ளி (ரிங்கிட்), அதாவது மாதம் 2 வெள்ளி. கட்டியவர்கள் 43 பேர். மற்றவர்கள் கட்டினாலே அந்த நிதி நிரம்பிவிடும். இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கணக்கை அனுப்ப வேண்டும். அதற்குள் கட்டுவதாகப் பல பேர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள், அதை நம்புகிறேன்.

கோயில் நிர்வாகத்துக்கும், தலைமையாசிரியருக்கும், மளிகைப் பொருள் வழங்கிய கடைக்காரர்களுக்கும், முகாமில் சமைத்த மகளிர் பிரிவுக்கும், கணக்காய்வாளர்கள் இருவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இளையவர் யாராவது ஏற்றுக்கொண்டால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன். நோட்டுப் புத்தகத்தை மட்டும் ஓராண்டு கூட இருந்து சொல்லிக் கொடுத்துவிட்டுத் தருகிறேன்.

கடிதம் வாங்கிய 7 பேரில் 5 பேர் ஈப்போவுக்குப் போய் வந்துவிட்டார்கள். அந்த ஐந்து வரியிலும் கூட்டிப்போனவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. மீதி இரண்டு பாட்டிகளுக்கும் வரும் புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். என் கார் பட்டறையில் இருக்கிறது. ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். ஒரு பாட்டிக்கு முழங்கால் வலி, உயரமான வண்டியில் ஏற முடியாது. நோட்டை வாசல் மேசையில் திறந்தே வைத்திருக்கிறேன், பேனாவும் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்