கதையைச் சொல்வது யார் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியின் தமிழ் விடைத்தாள் போன வாரம் வீட்டுக்கு வந்தது. பாடத்தில் இல்லாத ஒரு சிறுகதையைக் கொடுத்து மையக்கருத்து கேட்டிருந்தார்கள். வெளியூரில் இருக்கும் பெரியவர் முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்காக வந்து, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறக்கிறார். மறுநாள் பூட்டிச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். கதையைச் சொல்வது காவல்காரரின் சின்ன மகன்.

பேத்தி எழுதியிருந்தாள்: “சிறுவன் சொல்வதால் பெரியவர் மனசு நமக்குத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்த கை அதை உடனே விடவில்லை என்பது மட்டும் தெரிகிறது. அது போதும்.” எங்கள் வீட்டுப் பூட்டையும் எண்ணெய் விட்டுத்தான் திறப்போம், அதனால்தானோ என்னவோ அந்தச் சாவி அவள் கண்ணில் பட்டிருக்கிறது. கிடைத்தது ஐந்துக்கு ஒன்று. ‘பூர்வீகத்தை மறக்கக் கூடாது’ என்பதுதான் விடைக்குறிப்பில் இருந்ததாம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி என்று அவளைப் பட்டாலையில் உட்காரவைத்து, அதே கதையைப் பெரியவர் வாயால் எழுதச் சொன்னேன். இரண்டு பத்தி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். “அப்பத்தா, துக்கத்தையெல்லாம் இவரே சொல்லிப்புடுறாரு. சாவிக்கு வேலையே இல்லை.” யார் பார்வையில் கதை வருகிறது என்பது நோக்குநிலை, அந்தச் சாவி மாதிரி ஒரு பொருள் வேறொன்றை உணர்த்துவது குறியீடு என்ற சொற்களை அப்புறம்தான் அவளுக்குச் சொன்னேன்.

இவை நமக்குப் புதிதல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள மரமும் விலங்கும் பறவையும் கருப்பொருள், மனசில் நடப்பது உரிப்பொருள் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. மருதப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்துவிட்டுப் போகும். தலைவன் பரத்தையிடம் போனதைத் தோழி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒன்றைக் காட்டி இன்னொன்றை உணர்த்துவதற்கு உள்ளுறை என்று பெயர். செய்யுளில் இதைப் படிக்கிற பிள்ளையை, கதை என்று வந்ததும் நீதியை மட்டும் தேடச் சொல்வது என்ன நியாயம்?

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். கதைச் சுருக்கம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, ‘இதை வேறொருவர் சொன்னால் எது மாறும்?’ என்று ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியாவது வையுங்கள். அதற்கு ஒற்றை வரியில் விடைக்குறிப்பு எழுதித் திருத்துகிறவர் கையைக் கட்ட வேண்டாம். கதையிலிருந்தே சான்று காட்டுகிற பிள்ளைக்கு மதிப்பெண் உண்டு என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கானாடுகாத்தான்