அன்ரிகனியை முழுவதுமாக வாசிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவி. கிரேக்கத் துன்பியல் பற்றிக் கேட்டால் டயனீசியஸ் கடவுளுக்கான விழா, முகமூடி, மூன்று நடிகர், கோரஸ் எனும் பாடற்குழுவில் 15 பேர் என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் மளமளவென ஒப்புவிப்போம். ஒரு நாடகத்தையேனும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தவர்களைத் தேடத்தான் வேண்டும். பரீட்சைக்குக் கதைச்சுருக்கம் போதுமாம். போதாது ஐயா.

கி.மு. 441 அளவில் மேடையேறிய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் அன்ரிகனி நாடகத்தை அண்மையில் தமிழில் வாசித்து முடித்தேன். படையெடுத்து வந்து மாண்ட பொலினைசஸை அடக்கம் செய்யக்கூடாது என்கிறான் தீப்ஸ் அரசன் கிரேயன். சகோதரி அன்ரிகனி மீறுகிறாள், தண்டனை பெறுகிறாள். சுருக்கம் இவ்வளவுதான். அதில் அந்தக் காவலாளி எங்கே? பிணத்தின்மேல் யாரோ மண் தூவிய செய்தியை அரசனிடம் சொல்ல யார் போவதென்று சீட்டுப் போட, அது இவன் தலையில் விழுகிறது. போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து. வழியெல்லாம் நின்று நின்று வந்ததை அரசனிடமே சொல்கிறான்! பிறகு அன்ரிகனியைப் பிடித்து வருகையில், அவளுக்காக வருந்துகிறான். தன் உயிர் தப்பியதில் மகிழவும் செய்கிறான். அதிகாரத்துக்குப் பயந்து வாழும் எளிய மனிதனை எந்தக் குறிப்புக் கொப்பியும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

வீட்டில் உரத்து வாசித்தபோது, "செத்தவனோடும் என்ன பகை?" என்று அம்மம்மா கோபப்பட்டார். உடல் கிடைக்காமலே கருமம் செய்த வீடுகள் உள்ள மாவட்டம் இது. அவருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பல பக்கங்கள் தள்ளி, பார்வையற்ற தீர்க்கதரிசி டைரேசியஸ் கிரேயனிடம் கேட்பதும் ஏறக்குறைய அதுவே: இறந்தவனை மறுபடி கொல்வதில் என்ன வீரம்?

மூதூர், கிண்ணியா, திருகோணமலை நகரம் என எங்கும் இப்பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் வேண்டுகிறேன். பாத்திரங்களைப் பங்கிட்டு, கோரஸின் பாடல்களையும் விடாமல், முழு நாடகத்தையும் மாணவர்கள் வாயால் வாசிக்கச் செய்யுங்கள். மூலத்தில் ஏறக்குறைய 1,350 அடிகள்தான். சில பாடவேளைகளில் முடிந்துவிடும். பாடசாலை நூலகங்களும் பிரதிகளை வாங்கி வைத்தால், மங்கிய போட்டோப் பிரதியொன்றை வகுப்பே கைமாற்றிப் படிக்க வேண்டியிராது.

உயர்தர மாணவி ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை.