பூங்கொத்தோடு வார்டுக்குள் நுழையுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பண்டிகைப் பக்கத்தில், இனிப்பும் பூங்கொத்துமாக மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளோடு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனாலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு மனது ஆறவில்லை.

அந்த இனிப்பு யாருக்கு? சர்க்கரை நோயாளிக்கா, மறுநாள் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருப்பவருக்கா? டயாலிசிஸில் இருப்பவருக்குப் பழச்சாறுகூட ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். பூச்சாடித் தண்ணீரில் கிருமி வளரும் என்பதால் ஐசியுக்களில் பூவைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர், கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைப் போர்வையால் மூடப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் அவரைச் சிரிக்கச் சொன்னார்கள். அவரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்கவில்லை. தடுத்த எனக்குத்தான் திட்டு விழுந்தது.

வருகிறவர்கள் எல்லோரும் குழந்தைகள் வார்டுக்கே போகிறார்கள். பேச்சுத்துணைக்கு ஏங்கும் முதியவர்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் குழந்தைகள் வார்டுக்கும் பார்க்க வருபவர் யாருமில்லை.

ஊழியர்கள் கதை இன்னும் மோசம். "உனக்கென்ன, பிள்ளையா குட்டியா" என்று சொல்லியே பண்டிகை நைட் டூட்டியை என் தலையில் கட்டுவார்கள். டூட்டி லிஸ்ட்டைக் கடைசி நேரத்தில்தான் ஒட்டுவார்கள். கேன்டீன் பூட்டியிருக்கும். லேபிலும் ஸ்கேனிலும் பாதி ஆள்தான் இருப்பார்கள். வார இறுதியில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்களிடையே சில கடுமையான நோய்களில் இறப்பு கூடுதலாக இருந்ததை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2001-லேயே காட்டியது. விடுமுறை நாளில் ஆள் குறைவது நோயாளியின் உயிர்ப் பிரச்சினை ஐயா. அதைப் பற்றி உங்கள் பத்திரிகை ஒரு பக்கமாவது எழுதியதுண்டா? துப்புரவுப் பணியாளருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் அன்றைக்குச் சூடாக ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்ததா என்று கேட்டதுண்டா?

சரி, நான் கேட்பது ஒரு சின்னக் கட்டம்தான். அடுத்த பண்டிகை இதழில் இதை மட்டும் போடுங்கள்: போகுமுன் வார்டு சிஸ்டரிடம் போனில் என்ன கொண்டுவரலாம் என்று கேளுங்கள், சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், முடிந்தால் பண்டிகை முடிந்த அடுத்த வாரம் போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்